திரும்பி வந்தவருக்குக் கல் இல்லை

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். என் அப்பா சென்ற ஐப்பசியில் தம் 78-ஆவது வயதில் காலமானார். 1964-இல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1982-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறகு ஒரு வங்கிக் கிளையில் 60 வயது வரை காவலராக இருந்தார். முதலாண்டு நினைவு நாளுக்குச் சிறு மலர் ஒன்று போடுவதாக அண்ணன்மார் முடிவு செய்திருக்கிறார்கள். நான் தமிழாசிரியை என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அப்பா கண்டிப்பானவர், நேர்மையானவர், நேரம் தவறாதவர். இதற்கு மேல் என்ன எழுதுவது?

துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்ட வீரரும் இல்லை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது போன்ற பிரிவில்தான் இருந்தார். வீர விருது எதுவும் வாங்கவில்லை. ட்ரங்குப் பெட்டியில் சில மெடல்கள் இருக்கின்றன, இந்தியில் ஏதோ எழுதியிருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். போரைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே இல்லை. சின்ன வயதில் எங்கள் நிலத்தில் வரப்பை விட்டுக் கீழே இறங்கினால் அடி விழும், அவ்வளவு கண்டிப்பு.

சின்ன அண்ணன் அப்பா டாங்கி மேல் நிற்பது போலக் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து வைத்திருக்கிறார், பின்னால் தேசியக் கொடியுடன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. 'தேசத்தின் காவலர்' என்று தலைப்பு வைக்கலாமா, 'தியாகச் சுடர்' என்று வைக்கலாமா? அப்பாவுக்குக் கொஞ்சம் குடிப்பழக்கம் இருந்தது, அதை விட்டுவிடலாம் அல்லவா? மலருக்கு எட்டு வரியில் நீங்கள் ஒரு கவிதை எழுதித் தந்தால் எங்கள் குடும்பம் நன்றியுடன் இருக்கும்.

எஸ்.,
வேலூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

தலைப்பு இரண்டும் வேண்டாம். எந்த வட்டச் செயலாளரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். அண்ணன் செய்த படத்தை அழித்துவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பதே போதும், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கவிதையும் நான் எழுதித் தரப்போவதில்லை. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. பார்க்காத மனிதரைப் பற்றி எட்டு வரி எழுதினால் அதில் இமயம் வரும், எல்லை வரும், குருதியும் கொடியும் வரும். அவர் வரமாட்டார்.

ஆனாலும் உங்கள் கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட முடியவில்லை. கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை அது கிளறிவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதில். கடுமையாகப் பேசுகிற இடங்களில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கண்டிப்பானவர், நேர்மையானவர், நேரம் தவறாதவர்.' நீங்கள் தமிழாசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் 'என் ஊர் அழகானது, பசுமையானது, அமைதியானது' என்று எழுதிக் கட்டுரையை முடித்து நீட்டினால் என்ன மதிப்பெண் போடுவீர்கள்? இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமையாசிரியரையும் புகழலாம், ஓய்வு பெற்ற தாசில்தாரையும் புகழலாம். நேரம் தவறாதவர் என்றால் எத்தனை மணிக்கு எழுந்தார்? எழுந்ததும் முதலில் எதை எடுத்தார்? சவரம் செய்துகொள்ளக் கண்ணாடியை எங்கே மாட்டியிருந்தார்? வங்கி வேலைக்குப் போன காலத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் யார் போட்டது, அவரா, உங்களில் ஒருவரா? இவற்றை எழுதுங்கள். கண்டிப்பு என்ற சொல்லை நீங்கள் எழுதவே தேவைப்படாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்ட வீரரும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. பெற்ற மகளே இப்படி எழுதினால் ஊரைச் சொல்லி என்ன பயன்?

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது 1780-இல் தொடங்கிய படை. அதன் மையம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. பாலம் கட்டுவார்கள், ரோடு போடுவார்கள், உண்மைதான். எப்போது, எங்கே என்று உங்கள் அப்பாவிடம் ஒருநாளாவது கேட்டீர்களா? காலாட்படை ஆற்றைக் கடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஆற்றில் இறங்குகிறவன் சாப்பர். டாங்கிகள் கண்ணிவெடி வயலைத் தாண்ட வேண்டுமானால் அதற்கு முன்னால் அந்த வயலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊர்கிறவன் சாப்பர். கையில் கூரான கம்பி ஒன்று. அதை மண்ணில் நேராகக் குத்தக்கூடாது, சாய்த்துச் செருக வேண்டும். சில அங்குலத்துக்கு ஒரு குத்து. கம்பி எதிலாவது தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் அடுத்த குத்து. சரிபார்த்த இடத்துக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா இழுத்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் பாதை. இதை இருட்டில் செய்ய வேண்டும், மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, அம்மா. துப்பாக்கி பிடித்திருப்பவனுக்காவது திருப்பிச் சுடலாம் என்ற ஆறுதல் உண்டு.

1971 டிசம்பர் 15 இரவு மேற்கு எல்லையில், சகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். காலாட்படை ஆற்றைத் தாண்டி அக்கரையில் காலூன்றிவிட்டது. '17 பூனா ஹார்ஸ்' என்னும் படைப்பிரிவின் டாங்கிகள் அவர்களுக்குத் துணையாகப் போயாக வேண்டும். இடையில் பாகிஸ்தான் படை புதைத்து வைத்த கண்ணிவெடி வயல். சாப்பர்கள் அதில் வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வேலை முடிந்திருந்தபோது எதிரி டாங்கிகள் திரள்வதாக அக்கரையிலிருந்து செய்தி வந்தது. மீதி வயலை வந்தது வரட்டும் என்று கடந்துவிடுவதாக டாங்கிப்படை முடிவெடுத்தது. மறுநாள் அந்தக் களத்தில்தான் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் தம் 21-ஆவது வயதில் உயிரைக் கொடுத்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கினார்கள். நாடு முழுக்க அந்தப் பெயர் தெரியும், தெரியத்தான் வேண்டும். ஆனால் டாங்கி போன அந்தப் பாதி வழியை வெட்டியவர்கள் யார்? 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட், மெட்ராஸ் சாப்பர்களின் பிரிவு. அதன் மேஜர் விஜய் ரத்தன் சௌதுரி அந்தப் போரில் கண்ணிவெடி வயல்களில் தம் ஆட்களுக்கு முன்னால் நின்று வழி அமைத்து, களத்திலேயே மாண்டார். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. அவருக்குப் பின்னால் நாடா பிடித்துக்கொண்டு ஊர்ந்த தம்பிகளுக்கு (சாப்பர்களைப் படையில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்) சேவை மெடல்கள் கிடைத்தன. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடப்பவை போன்ற மெடல்கள்.

நீங்கள் இணைத்திருந்த மெடல் படத்துக்கு வருகிறேன். 'இந்தியில் ஏதோ எழுதியிருக்கிறது' என்று விட்டுவிட்டீர்கள். பள்ளியில் இந்தி ஆசிரியர் யாரும் இல்லையென்றால் தெருவில் இருக்கும் இன்னொரு பட்டாளத்துக்காரரிடம் காட்டியிருக்கலாமே. வலது ஓரத்தில் இருப்பது ரக்ஷா மெடல், 1965 போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. அந்தப் போரில் களத்தில் நின்றவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார் என்று இன்னொன்றும் உண்டு, அது உங்கள் படத்தில் இல்லை. 1964-இல் சேர்ந்தவர், அப்போது பயிற்சியில் இருந்திருப்பார் அல்லது அப்போதுதான் முடித்திருப்பார். அடுத்ததாக இருக்கும் நட்சத்திரம் பஷ்சிமி ஸ்டார். 1971-இல் மேற்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது. கிழக்கே வங்காளத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். ஆக, உங்கள் அப்பா பஞ்சாபிலோ ஜம்முவிலோ ராஜஸ்தானிலோ எல்லையில் இருந்திருக்கிறார். பசந்தரில் இருந்தாரா என்பது, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும், பார்க்காமல் பசந்தர் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்தது சங்கிராம் மெடல். கடைசியாக இருப்பது சைன்ய சேவா மெடல். அதன் நாடாவில் குறுக்கே ஒரு பட்டை இருக்கிறது, பார்த்தீர்களா? அதில் எழுதியிருப்பது 'ஹிமாலயா'. வேலூர் வெயிலில் வளர்ந்த மனிதர் பனிமலையில் இருந்திருக்கிறார். உங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

இன்னும் ஒன்று. வட்ட மெடல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து விளிம்பைப் பாருங்கள். நிற்கவைத்துச் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. படை எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். ஒரு மெடலில் சாப்பர் என்று இருக்கலாம், பின்னால் வந்ததில் நாயக் என்று இருக்கலாம். அந்த விளிம்புகளை வரிசைப்படுத்தினாலே பாதி வாழ்க்கை வரலாறு வந்துவிடும். அதை அப்படியே மலரின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

வரப்பு விஷயம். 'அவ்வளவு கண்டிப்பு' என்று ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டீர்கள். 1971 டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்கு மேற்குமுனையில் சண்டை நின்றது. மற்றவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். சாப்பர்களுக்கு வேலை அதற்குப் பிறகும் இருந்தது. கோதுமை வயலிலும் கரும்புக் கொல்லையிலும் இரு தரப்பும் புதைத்து வைத்ததை எடுக்காமல் விவசாயி எப்படி ஏர் பூட்டுவான்? அந்த வேலை செய்த ஒருவர் தம் பிள்ளைகளைப் பயிர் நடுவே இறங்கி ஓட விடவில்லை. நான் மனோதத்துவம் பேச வரவில்லை. நாற்றை மிதிப்பார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம், பாம்பு பயமாகவும் இருக்கலாம், எல்லா விவசாயியும் அடிப்பதுதான். காரணத்தை நீங்களாக எழுத வேண்டாம். எந்த நிலம், எந்தப் பயிர், எந்தக் கையால் அடித்தார், அடித்துவிட்டு என்ன சொன்னார், அதை மட்டும் எழுதுங்கள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தது கற்களைப் பற்றி. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சுற்றிலும் நடுகற்கள் ஏராளம். எடுத்தனூரில் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இதே வட தமிழ்நாட்டில் சில ஊர்களில் வெள்ளைக்காரன் பதித்த பலகைக் கற்களையும் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு எண்கள். பெயர் ஒன்றுகூட இராது. பல்லவர் காலத்தில் நாய்க்குக் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பலகையில் திரும்பி வந்தவர்களுக்கு எண்கூட இல்லை. போனவர்களிலிருந்து செத்தவர்களைக் கழித்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நடுகல்லும் பட்டவனுக்குத்தான். சண்டை முடிந்து வீடு வந்து, பிள்ளை பெற்று, கடன் வாங்கி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, முழங்கால் வலியோடு கிடந்து செத்தவனுக்கு எங்கேயும் கல் கிடையாது. புறநானூற்றுத் தாய்மார்களைப் பாருங்கள். மகன் மார்பில் புண்பட்டு விழுந்தான் என்றால் ஈன்ற பொழுதைவிட மகிழ்கிறார்கள். மகன் பத்திரமாகத் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாய் என்ன பாடியிருப்பாள்? யாரும் அவளிடம் கேட்கவில்லை.

முல்லைத் திணை இல்லையா என்று தமிழாசிரியை கேட்பீர்கள். உண்டு, பட்டாளத்துக் குடும்பத்தின் இலக்கியமே அதுதான். முல்லைப்பாட்டின் 103 அடிகளில் நப்பூதனார் அந்த இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுகிறார். வீட்டில் கார்காலத்தைப் பார்த்துக்கொண்டு அவள். பாசறையில் தூக்கமில்லாமல் அவன், தைத்த அம்போடு தீவனம் தின்னாமல் செவி சாய்த்து நிற்கும் குதிரைகளை நினைத்துக்கொண்டு. கடைசியில் தேர்க்குதிரைகள் வரும் ஓசை அவள் காதில் விழுகிறது, பாட்டு முடிகிறது. எனக்கு எப்போதும் அங்கேதான் கேள்வி. தேர் வந்து நின்றது, சரி. மறுநாள் காலையில் என்ன நடந்தது? அவன் இல்லாதபோது அவள் வாங்கிய கடன், விற்ற மாடு, மாமியாரோடு போட்ட சண்டை, இவற்றையெல்லாம் அவன் எப்போது கேட்டான்? ஈராயிரம் ஆண்டாக நாம் தேர்ச்சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் அப்பா 36 வயதில் தேரை விட்டு இறங்கியவர். அதற்குப் பிறகு 42 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். நீங்களோ பட்டாளத்தில் இருந்த 18 ஆண்டுகளில் வீரச் செயல் ஏதும் இல்லை என்று தவிக்கிறீர்கள்.

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி. எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. பட்டாளத்து ஊர் என்றே பேரெடுத்த கம்மவான்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும், எங்கள் தெருவிலும் ஆண்டுக்கு இரண்டு மாத லீவில் யாராவது ஒருவர் கருப்பு ட்ரங்குப் பெட்டியோடும் ஹோல்டாலோடும் காட்பாடியில் இறங்கி வந்துகொண்டே இருப்பார். பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த மாதத்தை வைத்து அப்பனின் லீவு எந்த மாதம் என்று ஊர்க் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். மாமாவின் பிள்ளைகள் மூவரும் பங்குனி, சித்திரையில் பிறந்தவர்கள். கடிதத்தில் அவருடைய முகவரி ஒரு எண்ணும் 56 ஏ.பி.ஓ. என்பதும் மட்டும்தான். அது படையின் தபால் நிலையம். 56 ஏ.பி.ஓ. என்பது வடக்கே ஓர் ஊர் என்றே சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மணியார்டர் மாமாவின் அம்மா பெயருக்கு வரும். அந்தக் காலத்தில் அதுதான் முறை. தபால்காரர் வாசலில் நின்று கூப்பிடுவார், பாட்டி கைநாட்டு வைத்து வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொள்வார். அத்தைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பாட்டி இறந்த பிறகுதான் மணியார்டர் அத்தை பெயருக்கு மாறியது, சாவிக்கொத்தும் அவர் இடுப்புக்கு வந்தது. அதன் பிறகு அத்தை செய்தவற்றை இன்றைக்கு நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. கிணறு தூர் வாரினார். மூத்தவளை எல்லோரும் எட்டாவதோடு நிறுத்தச் சொன்னபோது விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். கழுத்துச் சங்கிலியை விற்று வீட்டை ஒட்டியிருந்த அரை ஏக்கரை வாங்கிப் போட்டார். இதையெல்லாம் மாமாவுக்கு இன்லாண்டு லெட்டரில் யாரையாவது பிடித்து எழுதச் சொல்வார். பல முறை அந்த ஆள் நான்தான். 'நிலம் வாங்கிவிட்டேன் என்று எழுதாதே, விலைக்கு வருகிறது என்று எழுது' என்பார். பத்திரப்பதிவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

மாமா நிரந்தரமாக ஊருக்கு வந்தபோது வீட்டுக்குத் தலைவர் வந்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு வந்தார். காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பினார். செருப்புகள் வாசலில் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்றார். வரவு செலவுக்கு ரிஜிஸ்டர் ஒன்று தைத்தார். செலவு செய்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். பிள்ளைகள் போட்டார்கள், அத்தை கடைசிவரை போடவில்லை. அரை ஏக்கர் விவகாரம் ஒருநாள் வெடித்தது. 'யாரைக் கேட்டு வாங்கினாய்?' என்று மாமா கத்தினார். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வராமலே, 'கேட்பதற்கு இங்கே யார் இருந்தார்கள்?' என்றார்.

எல்லையில் அவர் நின்ற ஆண்டுகள் முழுவதுக்கும் பதில் அந்த ஒரு கேள்விதான். மாமா அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. சாவிக்கொத்தையும் அவர் கேட்கவில்லை, அத்தையும் கொடுக்கவில்லை. ஊரில் வாடகை சைக்கிள் கடை ஒன்று போட்டார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ட்ரங்குப் பெட்டியில் எழுதுவது போலவே வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி, எடுக்கிறவனிடம் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவார். வீட்டில் ஓடாத ரிஜிஸ்டர் கடையில் ஓடியது. 1987, 88-இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் வந்தபோது அப்போது தெருவில் இருந்தவர்களில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அறுபது எழுபது பேர் அவர் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தசரதன் அழுதால் இவர் விறைப்பாக, 'ராஜா வருத்தப்படுகிறார், போக வேண்டாம் என்கிறார்' என்று அறிக்கை வாசிப்பார். அவரை அதே விறைப்போடு அத்தையைப் பார்த்து 'இந்த வீட்டை நீ நன்றாக நடத்தினாய்' என்று சொல்ல வைக்க எங்கள் குடும்பத்தில் யாராலும் முடியவில்லை. சொல்லியிருப்பார், எங்களுக்குத் தெரியாமல் எப்போதாவது சொல்லியிருப்பார் என்று என் அம்மா சொல்வார். அண்ணனை விட்டுக்கொடுக்காத தங்கை.

குடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள், ஒரு வரி போதும். கேண்டீன் கார்டு வைத்திருப்பவரிடம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் 'மிலிட்டரி சரக்கு' கேட்டு வந்து நிற்காத உறவுக்காரன் உண்டா? வாங்கிக் குடித்துவிட்டு, அவர் கொஞ்சம் குடிப்பார் என்று பின்னால் பேசுவதும் அவனேதான். ஊருக்குத் தெரிந்ததை மலரில் மறைத்தால் மலரில் உள்ள மற்றதையும் ஊர் நம்பாது. ஓய்வூதிய அரசியல், சுதந்திர தினத்தன்று மட்டும் சிப்பாயை நினைக்கும் நம்முடைய தேசபக்தி, இவற்றைப் பற்றியெல்லாம் இப்போது பேசப்போவதில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறார், அதுவும் ஒரு படம் பிடிக்கவில்லை என்பதற்காக. அப்பா 1982-இல் திரும்பும்போது உங்களுக்கு என்ன வயது? அதுவரை உங்களை வளர்த்தது யார்? காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? 1971 டிசம்பரில் பதினான்கு நாள் அம்மா ரேடியோ இருந்த எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தார், அல்லது அப்போது கல்யாணமே ஆகவில்லையா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்று சந்தேகப்படுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள். லீவு முடிந்து அப்பா கிளம்பும் நாளில் என்ன சமைப்பீர்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்த முதல் வருடம் எதற்கெல்லாம் சண்டை வந்தது என்று கேளுங்கள். மலரில் பாதிப் பக்கங்கள் அவருக்கு. அண்ணன்மார் முணுமுணுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு ஒழுங்காக வருகிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மாமா இறந்தபின் அத்தை பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் நான். கல்யாணம், பிள்ளைகள் பிறந்தது எல்லாம் பார்ட் டூ ஆர்டராகப் படை ஆவணத்தில் ஏற வேண்டும். அத்தையின் பெயர் ஏறியிருந்தது, ஆனால் இரண்டு எழுத்து மாறி, வயது ஏழு கூடி. ஓர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?' என்றார். அத்தை மஞ்சள் பையிலிருந்து இன்லாண்டு லெட்டர் கட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். மாமா கையால் எழுதிய முகவரி, மேலே அத்தையின் பெயர், பின்பக்கம் படை எண். எழுத்தர் அந்தக் கட்டை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார். மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் பணம் வந்தது.

ஆகவே மலர் வேலையை நான்கு நாள் தள்ளி வையுங்கள். அப்பாவின் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்து, அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளக் கணக்கில் என்ன இருக்கிறது என்பதைச் சின்ன அண்ணன் பார்க்கட்டும், கம்ப்யூட்டர் தெரிந்தவராயிற்றே. ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழை அம்மா பெயரில் கொடுத்தாயிற்றா என்பதையும் கேளுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள், பெங்களூர் ரெக்கார்டு ஆபீஸுக்கு எப்படி விண்ணப்பம் எழுதுவது என்று அங்கே சொல்லித் தருவார்கள். அசல் எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.